தையல்கார அக்கா கடல் தாண்டி வாங்கிய வீடு

தையல்கார அக்கா வெளிநாட்டில் மூன்று மாடி வீடு வாங்கிவிட்டாளாம். காணிக்கைப் பணத்தில் வாங்கினாளாம். தங்கச்சி பேரில் எழுதிக்கொண்டாளாம். பணம் தர மறுத்த ஒரு பெரிய மனிதரின் மகன் கல்யாணத்துக்குப் போடவிருந்த கோட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, காசை வைத்தால்தான் கோட்டு என்று மிரட்டினாளாம்.

புறப்பட்டபோது மூன்று மாடியாக இருந்த வீடு, முடிதிருத்தும் கடைக்கு வந்து சேர்ந்தபோது ஐந்து மாடியாகி, நீச்சல் குளமும் வெட்டியிருந்தது. இப்படியொரு மாளிகையைப் பற்றிக் காதில் விழுந்த பிறகு விசாரிக்காமல் இருந்தால் பாவம். விசாரித்ததில் முதலில் தெரிந்தது, மாடி இரண்டுதான். நீச்சல் குளம் முழுப் பொய் என்று சொல்ல முடியாது. மழை பெய்தால் கீழ்த்தளத்தில் கணுக்கால் வரை தண்ணீர் நிற்குமாம். மற்றதெல்லாம் அக்காவின் கடையிலிருந்து தொடங்க வேண்டிய கதை.

கடை, மருந்துக் கடைக்கும் போன் ரிப்பேர் கடைக்கும் நடுவில் செருகி வைத்தது போல இருக்கும். எட்டடிக்கு ஆறடி. ஒரு தையல் மெஷின், ஒரு ஆளுயரக் கண்ணாடி, உடை மாற்ற ஒரு திரை. அக்கா புதுத் துணி தைப்பதில்லை. இடுப்பைத் தளர்த்துவது, பேன்ட் காலைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது மாதிரி திருத்த வேலைகள்தான். அக்கா போகும் கிறிஸ்தவ சபையில் பாதிப் பேரின் இடுப்பளவு அவருடைய நோட்டில் வருஷவாரியாக இருக்கிறது. ஆகவே யார் உபவாசம் இருக்கிறார்கள், யார் இருப்பதாகச் சொல்கிறார்கள் என்பது போதகரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஐம்பத்திரண்டு வயது. வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அக்கா கோபமாக இருக்கும் நாட்களில் அவர் ஏதாவதொரு கட்டடத்தின் எட்டாவது மாடியில் சிக்கிக்கொண்டதாகப் போன் செய்துவிடுவார்.

அக்காவின் தங்கையும் தங்கை கணவரும் ஒன்பது வருஷத்துக்கு முன்பு இதே சபையின் மிஷனரிகளாகக் கடல் தாண்டிப் போனார்கள். அங்கே ஒரு பழைய இரண்டு மாடிக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்தார்கள். கீழே ஆராதனையும் சாயங்காலப் பள்ளியும். மேலே, வீடென்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாத பதினோரு பெண் பிள்ளைகள். கட்டடத்தின் சொந்தக்காரர் இறந்து போனார். அவருடைய பிள்ளைகள், மூன்று மாதத்தில் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சரக்குக் கிடங்கு போடக் கேட்கும் ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

சபை கொதித்தெழுந்தது. சபைகள் கொதித்தெழுவதில் குறை வைப்பதேயில்லை. மிஷனரி ஞாயிறு என்று ஒரு நாள் குறித்து, ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்து, தன்னால் இயன்ற தொகையைப் பிறகு தருவதாகப் பொருத்தனை பண்ணி எழுதச் சொன்னார்கள். வெல்வெட்டில் நீளக் கைப்பிடி வைத்த காணிக்கைப் பைகள் வரிசை வரிசையாகப் போயின. பைகளைத் தைத்தது அக்காதான். திரும்பி வந்த பையைக் கையில் வாங்கியதுமே அவருக்கு என்னவோ போல் இருந்தது. பை பிதுங்கியது, ஆனால் கனக்கவில்லை. செயலாளரிடம் சொன்னார். செயலாளர் தபால் இலாகாவில் முப்பது வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். அவர் சிரித்துவிட்டு, இந்தக் காலத்தில் யாரம்மா சில்லறை போடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு எண்ணப் போனார்.

எண்ணினார்கள். ரொக்கத்தை எண்ணினார்கள், சீட்டில் எழுதியிருந்ததையும் எண்ணினார்கள். உற்சாக மிகுதியில் இரண்டையும் கூட்டினார்கள். தேவையான தொகைக்கு மேலேயே கொஞ்சம் வந்தது. செயலாளர் ஒலிபெருக்கி முன்னால் நின்று கண்ணீர் மல்க அறிவித்தார். அன்று சாயங்காலமே கடல் தாண்டித் தகவல் போயிற்று: பணம் தயார், ஒப்பந்தம் போடுங்கள். தங்கையும் அவள் கணவரும் கையிருப்பையெல்லாம் துடைத்து முன்பணம் கட்டினார்கள். குறித்த தேதிக்குள் மீதி வராவிட்டால் முன்பணமும் போயிற்று, கட்டடமும் போயிற்று.

ஐந்து வாரம் கழித்துத்தான், வங்கியில் கால்வாசிப் பணம்கூட முழுதாக இல்லை என்பது வெளியே வந்தது. மீதியெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் நூற்று நாற்பத்து மூன்று சீட்டுகளாக இருந்தது. செயலாளரைக் கேட்டால், விசுவாசத்தில் எழுதியதை வந்ததாகவே எண்ணுவதுதானே விசுவாசம் என்றார். அழகான வாதம். ஆனால் கட்டடத்தை விற்பவர்களுக்கு விசுவாசத்தைக் கணக்கில் வரவு வைக்கும் பழக்கம் இல்லை.

தங்கை போன் செய்தாள். அழவில்லை. அழுதிருந்தால் அக்கா திட்டியாவது இருப்பார்.

"அக்கா, மூட்டையைக் கட்டட்டுமா வேண்டாமா? அதை மட்டும் சொல்லு. பிள்ளைங்களை எங்கயாவது சேர்க்கணும், அதுக்கு நாள் வேணும்."

"கட்டாதே," என்றார் அக்கா. என்ன தைரியத்தில் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. அன்றைக்கு மீதி இருந்தது பத்தொன்பது நாள்.

கமிட்டி அவசரமாகக் கூடியது. அக்கா கமிட்டியில் இல்லை. ஜன்னல் திரைகளுக்கு அளவெடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு டேப்பும் கையுமாக உள்ளே போய்விட்டார். அங்கே சிமெண்ட் கடை முதலாளி உட்கார்ந்திருந்தார். சீட்டுகளிலேயே பெரிய சீட்டு அவருடையது. வரவேண்டியதில் மூன்றில் ஒரு பங்கு. இதுவரை ஒரு காசு தந்திருக்கவில்லை. இப்போது அவர் ஒரு பெரிய மனசு பண்ணினார். குறைகிற மொத்தத்தையும் தானே தந்துவிடுகிறாராம். கட்டடத்தின் நெற்றியில் காலஞ்சென்ற தன் அப்பாவின் பெயர் வர வேண்டும், ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழ உயரம். அப்புறம், மேல் மாடியில் இரண்டு அறை தன் மகனின் வியாபாரத்துக்கு. சும்மா ஒரு அலுவலகம் மாதிரி.

கமிட்டி முழுவதும் ஸ்தோத்திரம் என்றது. ஜன்னலோரத்தில் அக்காவின் டேப் சுருண்டு நின்றது.

"மேல் மாடியில பதினோரு பிள்ளைங்க படுக்குதுங்க ஐயா. ரெண்டு அறை போச்சுன்னா அதுங்க எங்க படுக்கும், எழுத்து மேலயா?"

செயலாளர் அவரைத் தணிக்கப் பார்த்தார். அக்கா, நீங்க திரையைப் பாருங்க, தங்கச்சிக்காகத் துடிக்கிறீங்கன்னு எங்களுக்கும் புரியுது என்று, புரிந்ததாகவே தெரியாத முகத்தோடு சொன்னார்.

"ஆமா, என் தங்கச்சிதான். அதுக்காக நான் வாயை மூடிக்கணுமா? பணம் தயார்னு எழுதிப்போட்டது என் தங்கச்சி இல்லையே, நீங்கதானே." பிறகு முதலாளியின் பக்கம் திரும்பினார். "புதுசா ஒண்ணும் தர வேண்டாங்க ஐயா. எழுதின சீட்டுக்கு மட்டும் குடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று யாரோ கேட்டார்கள். பிஸ்கட் டப்பாவைக் கொடுங்கள் என்றார். செயலாளர் பதறினார். பொருத்தனை என்பது கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவில் உள்ள ரகசியம் என்றார். அப்படியானால் அதை நடுவில் உட்கார்ந்து கூட்டியது யார் என்று அக்கா கேட்டார். போதகர் இளவயது. சண்டையென்றால் வியர்த்துவிடும். அதுவரை மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தவர், எழுந்து போய், அலமாரியைத் திறந்து, டப்பாவை அக்காவின் கையில் வைத்துவிட்டு, ஜெபம் பண்ணி முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அவருடைய வாழ்க்கையிலேயே அதுதான் மிகத் துணிச்சலான காரியமாக இருக்க வேண்டும்.

மறுநாளிலிருந்து கடை காலையில் இரண்டு மணி நேரம்தான் திறந்திருந்தது. மற்ற நேரமெல்லாம் அக்கா தெருவில். கழுத்தில் டேப், தோளில் பை, பையில் டப்பா. மாடிப்படி ஏறி ஏறி முழங்கால் வீங்கியது. லிஃப்ட் உள்ள கட்டடமாகப் பார்த்துப் போகச் சொன்னார் வீட்டுக்காரர். லிஃப்ட் இருக்கிற கட்டடத்தில் இருப்பவர்கள் சின்னச் சீட்டுதான் எழுதியிருக்கிறார்கள் என்று அக்கா சொன்னார்.

அக்கா யாரிடமும் பணம் கேட்கவில்லை. இதுதான் பலருக்கும் பிடிபடாத விஷயம். பள்ளிக்கூடக் கட்டணம், பல் டாக்டர், மைத்துனன் கல்யாணம் என்று ஆளாளுக்கு ஒரு காரணத்தைத் தயாராக வைத்திருந்தார்கள். அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு டப்பாவைத் திறந்து, அந்த வீட்டுச் சீட்டைத் தேடியெடுத்து, எழுதியவர் கையிலேயே கொடுத்தார்.

"இது உங்க கையெழுத்துதானே? முடியலைன்னா தப்பில்லை. இங்கயே கிழிச்சுடுங்க, நான் போயிடறேன்."

அவ்வளவுதான். கிழிப்பதற்கு விரல் வர வேண்டுமே. பொருத்தனை பண்ணிவிட்டு மறந்து போவது ஒன்று. கொடுக்காமல் தள்ளிப்போடுவது ஒன்று. ஆண்டவருக்கென்று எழுதிய காகிதத்தைத் தன் கையால், அதுவும் பட்டப்பகலில், தையல்காரி முன்னால் கிழிப்பது வேறு. மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றார். கடைசியில் உள்ளே போய், பல் டாக்டருக்கு வைத்திருந்ததை எடுத்து வந்தார். அவர் இன்றும் இடது பக்கத்தில்தான் மெல்லுகிறார். ஒரு டீச்சர் கோபத்தில் கதவைச் சாத்திவிட்டு, அக்கா தெருமுனை போவதற்குள் செருப்புப் போடாமல் ஓடி வந்து கொடுத்தார். இது ஜெபமா, வழிப்பறியா என்று ஒருவர் கேட்டார். எனக்கும் சரியாத் தெரியல, நீங்க குடுத்துட்டு யோசிங்க என்றார் அக்கா.

ஒரே ஒருவர் கிழித்தார். லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். பட்டறை மூடி இரண்டு மாதம். சீட்டை நாலாகக் கிழித்து மேஜை மேல் வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றார். உங்க ஒருத்தருக்குத்தான் இதுக்குத் தெம்பிருந்தது, தலையைத் தூக்குங்க என்று சொல்லிவிட்டு அக்கா படியிறங்கினார். அந்தத் தொகை, துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினுக்கென்று அக்கா சேர்த்து வைத்திருந்த பணத்திலிருந்து போயிற்று. இதை அக்கா சொல்லவில்லை. வீட்டுக்காரர் லிஃப்ட்டுக்குள் வைத்துச் சொன்னது.

பதின்மூன்றாம் நாள் டப்பாவில் ஒரு சீட்டு மிச்சம். சிமெண்ட் முதலாளியினுடையது.

இப்போது கோட்டுக்கு வருவோம். முதலாளியின் மகனுக்கு அந்த வாரம் கல்யாணம். கோட்டைத் தோளில் பிடிக்கிறதென்று அக்காவிடம்தான் கொடுத்திருந்தார்கள். அக்கா அதைப் பிரித்து, தோளைச் சரிசெய்து, தேய்த்து, சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னாலேயே மாட்டி வைத்திருந்தார். முதலாளியே வந்தார். வரும்போதே சண்டைக்குத் தயாராக வந்தார்.

"கோட்டைக் குடுக்க மாட்டேன்னு சொல்லப் போறியாம்மா?"

"எதுக்குச் சொல்லணும்? கோட்டு உங்க பையனோடது. எடுத்துட்டுப் போங்க. கூலி மட்டும் குடுங்க." கூலியை வாங்கிப் பெட்டியில் போட்ட பிறகு சீட்டை எடுத்து நீட்டினார். "இது யாரோடதுன்னு சொல்லிட்டுப் போங்க. உங்களோடது இல்லைன்னா கிழிச்சுடுங்க. கண்ணாடி முன்னாடி நின்னே கிழிங்க."

முதலாளி கண்ணாடியைப் பார்த்தார். மருந்துக் கடைக்கு வந்தவர்களும் போன் ரிப்பேருக்கு வந்தவர்களும் அவரைப் பார்த்தார்கள். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கோட்டோடு வெளியே போனார். மிரட்டல் என்று நாலு தெருவும் பேசுவது இவ்வளவுதான். கோட்டு ஒரு நிமிஷம்கூடத் தாமதமாகவில்லை.

கல்யாணம் முடிந்தது. தேதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது முதலாளியின் மேனேஜர் ஒரு பையோடு வந்தார். எழுதிய தொகை, அதற்கு மேல் ஒரு பைசா இல்லை. கூடவே ஒரு செய்தி: பெயர் எதுவும் வேண்டாம் என்று ஐயா பெருந்தன்மையாக மறுத்துவிட்டதாகச் சபையில் அறிவிக்க வேண்டும். அப்படியே அறிவித்தார்கள். கைதட்டினார்கள். அக்காவும் தட்டினார், கொஞ்சம் அதிகமாகவே.

கட்டடம் மிஷன் பெயரில் பதிவாயிற்று. தங்கை பேரில் ஒரு செங்கல்கூட இல்லை. வதந்தி தன் கடைக்கு வந்து சேர்ந்த அன்றே அக்கா பத்திரத்தின் நகலைப் பெரிதாக்கி, உடை மாற்றும் திரைக்குள் ஒட்டிவிட்டார். பேன்ட் போட்டுப் பார்க்கப் போகிறவர் படித்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். ஆறு பக்கம். செயலாளர் இரண்டு தடவை படித்தாயிற்று. அவருடைய பேன்ட் இடுப்பை மறுபடியும் தளர்த்த வேண்டியிருந்தது.

தீராதது ஒன்றுதான். பணம் அனுப்பிய அன்று, வங்கியில் கவுண்டர் மூடப் பத்து நிமிஷம் இருக்கும்போது, அனுப்பும் கட்டணம் என்று ஒன்று தனியாகக் கேட்டார்கள். இத்தனை கமிட்டியிலும் யாருக்கும் அது தோன்றவில்லை. செயலாளர் பர்ஸைத் திறந்தார். வேத வசன அட்டைகள்தான் இருந்தன. அக்கா பையைக் கவிழ்த்தார். அப்படியும் நாலு சட்டைக்குக் காலர் மாற்றும் கூலி அளவுக்குக் குறைந்தது. வாசலில் நின்ற வாட்ச்மேன், இந்தச் சபையும் இல்லை, எந்தச் சபையும் இல்லை, தன் பையிலிருந்து எடுத்துக் கவுண்டரில் வைத்தார். சீட்டு எழுதித் தரட்டுமா என்று அக்கா கேட்டதற்கு, அதெல்லாம் வேணாம்மா, முதல்ல அனுப்புங்க, மூடப் போறாங்க என்றார்.

மறுநாள் காலை அக்கா பணத்தோடு போனபோது அவர் அங்கே இல்லை. காவலாளிகளை அனுப்பும் கம்பெனி அவரை வேறு கிளைக்கு மாற்றிவிட்டதாம். எந்தக் கிளை என்று கம்பெனியில் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். அக்கா கிளம்ப மாட்டேன் என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார், நடக்கவில்லை. இப்போது சனிக்கிழமைகளில் கடையை அரை நாள் மூடிவிட்டு ஒவ்வொரு வங்கியாகப் போய் வாசலில் நிற்பவரின் முகத்தைப் பார்த்துவிட்டு வருகிறார். போன வாரம் வரை ஏழு வங்கி ஆயிற்று. பணம் இன்னும் அக்காவின் பையில்தான் இருக்கிறது.