‘தெரியாது’ என்று சொல்லாத மண் பேராசிரியர்

“முப்பத்தோரு வருஷமாப் பாடம் நடத்துறேன். ‘எனக்குத் தெரியாது’ங்கிற வார்த்தை இந்த வாயிலேருந்து ஒரு தடவைகூட வந்ததில்ல!”

மெக்சிகோ நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் மண் பொறியியல் பேராசிரியர், டாக்டர் எவாரிஸ்தோ ஸூன்யிகா, தம் அறுபதாவது பிறந்தநாள் விருந்தில் இப்படி முழங்கியபோது எல்லோரும் கைதட்டினார்கள். இதில் என்ன பெருமை என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் நகரில் வழி கேட்பவரிடம் தெரியாது என்று சொல்வதைப் போல மரியாதைக்கேடு வேறில்லை. மருந்துக்கடை எங்கே என்று கேட்டால், “நேராப் போயி ரெண்டாவது தெருவுல இடது பக்கம்” என்று அன்போடு கைகாட்டுவோம். அங்கே கசாப்புக்கடை இருக்கும். டாக்டர் இந்தப் பண்பாட்டை ஆராய்ச்சித் துறைக்கு உயர்த்தினார், அவ்வளவுதான்.

துறையும் அதற்குத் தோதானது. ஏரியைத் தூர்த்து எழுப்பிய நகரம். கீழே கிடப்பது களிமண் என்று பெயர் சூட்டிக்கொண்ட தண்ணீர். டாக்டர் பட்டத்துக்காக அந்தக் களிமண்ணை நான்கு வருடம் அழுத்தி, எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்தார். பிறகு முப்பத்தோரு வருடம் மாணவர்களை அழுத்தச் சொல்லி மேற்பார்வையிட்டார். மாதாகோவில் சாய்ந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அது சாய்ந்திருப்பதை அவர் அறுபது பக்கத்தில் உறுதிசெய்வார்.

விருந்து முடிந்த வாரமே, பல்கலைக்கழக வாசலில் தமாலே என்னும் சோளமாவுக் கொழுக்கட்டை விற்கும் எர்லிந்தா அம்மாள், எங்கள் ஊர் மரியாதையில் தோன்யா எர்லிந்தா, அவரைப் பிடித்துக்கொண்டார்.

“இருபது வருஷமா எங்கிட்டச் சாப்பிடுறீங்களே டாக்டர், ஒரு நாளாவது ஊசிப்போனதைக் குடுத்திருக்கேனா?”

“சேச்சே!”

“அப்ப நீங்களும் எனக்கு நல்லதாச் சொல்லணும். படுக்கையறைச் சுவர் விரிசல் விட்டிருக்கு. அதுக்கு அடியிலதான் என் மகளும் கைக்குழந்தையும் படுக்குறாங்க. இந்த மழைக்குச் சுவர் நிக்குமா?”

டாக்டர் துளைக்கருவியோடு இஸ்தபலாபா பகுதியிலிருந்த எர்லிந்தாவின் வீட்டுக்குப் போனார். முற்றத்தில் முதல் துளை போட்டார்: களிமண். நாலடி தள்ளி இன்னொன்று: பாறை. வீட்டில் பாதி மலையில் நின்றது, மீதி ஏரியில் மிதந்தது. மண்ணை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் மூன்று வாரம் சோதித்தார். ஒரு கணக்குப்படி சுவர் பத்து வருடம் நிற்கும். இன்னொன்றின்படி போன செவ்வாய்க்கிழமையே விழுந்திருக்க வேண்டும்.

தடித்த அறிக்கையோடு திரும்பி வந்தபோது வானம் கறுத்துக்கொண்டிருந்தது. எர்லிந்தா அவரைப் படுக்கையறைக்கே அழைத்துப்போனார்; அங்கே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

“சொல்லுங்க டாக்டர்.”

“அதாவது தோன்யா, வேறுபட்ட அமிழ்வு வீதத்தைப் பொறுத்தவரைக்கும், மேலும் ஆய்வு தேவை...”

அவருடைய அறுபத்துநான்கு கட்டுரைகளையும் கௌரவமாக முடித்துவைத்த வாக்கியம் அது. எந்த அவையிலும் அதற்கு எதிர்க்கேள்வி வந்ததில்லை.

“அது கெடக்கட்டும். நிக்குமா, நிக்காதா?”

‘நிக்கும்’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் ஒரு தட்டு தமாலே கிடைக்கும், கும்பிடும் கிடைக்கும். டாக்டர் விரிசலைப் பார்த்தார். அதற்குக் கீழே கட்டிலில் தூங்கும் குழந்தையைப் பார்த்தார். அறிக்கையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“எனக்குத் தெரியல தோன்யா” என்றார், குழந்தை விழித்துவிடப் போகிறதே என்பது போல மெல்லிய குரலில்.

எர்லிந்தா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“இதுக்கா மூணு வாரம்? சரி, அந்தப் பக்கம் பிடிங்க. கட்டிலைச் சமையலறைக்குத் தூக்கிடுவோம்.”