பிரித்துத் தைத்த திரைச்சீலைகள்

ஆணி அடிக்க ஏணியில் ஏறினால் கொண்டாக்காவின் கணவர் ஏறிய வேகத்திலேயே இறங்கிவிடுவார். "கொண்டா, நானே அடிக்கிறேன்" என்று கீழிருந்து ஒரு கை நீளும். மகளின் ஓவியப் போட்டிக்கும் அதே கைதான் நீண்டது. அம்மா வரைந்த யானைக்கு மகள் பரிசு வாங்கிய கதை தெருவுக்கே தெரியும். அவளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது இப்படித்தான்.

வீட்டு முன்னறையில் ஒற்றை மெஷினோடு திரைச்சீலை தைக்கத் தொடங்கியவள், கடைத்தெருவில் சொந்தக் கடை போட்டாள். துணைக்கு நாத்தனார் வந்தாள். கணவன் கைவிட்டுப் போன பிறகு, அந்த மெஷின் ஓடும் சத்தத்தில் தன் துக்கத்தையே மறந்தவள் அவள். அடுத்த தெருவில் ஓர் அறை எடுத்துத் தனியாக, கௌரவமாக வாழ்ந்தாள்.

சாயங்காலம் நாத்தனாரின் தலை மறைந்ததும் கொண்டாக்கா அவள் தைத்ததை எடுத்துப் பார்ப்பாள். மனசு கேட்காது. பிரித்துத் தைப்பாள். கணவர் ஒருநாள் பொறுக்காமல் கேட்டேவிட்டார். ஆள் வைத்துத் தைத்ததை மறுபடி நீயே தைத்தால், புது ஆர்டருக்கு யார் அலைவது என்றார். உங்களுக்குத் தொழில் தெரியாது என்று அவர் வாயை அடைத்துவிட்டாள்.

அப்போதுதான் ஒரு விடுதியின் ஆர்டர் கிடைத்தது. இது திருப்தியாக இருந்தால் புதிதாகக் கட்டும் கட்டடத்துக்கும் நீங்களே தையுங்கள் என்றார் மேனேஜர். பருத்தித் துணி. நாத்தனார் அடிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மடித்துத் தைத்திருந்தாள். கொண்டாக்காவின் கண்ணுக்கு அது தடிமனாக, அசிங்கமாகத் தெரிந்தது. வழக்கம்போலப் பிரித்தாள், அதிகத் துணியை வெட்டி எறிந்தாள், கோடு போட்டாற்போல் மெல்லிசாக மடித்துத் தைத்து அனுப்பிவிட்டாள்.

முதல் சலவை முடிந்ததும் மேனேஜர் ஒரு திரைச்சீலையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார்.

"ஜன்னலுக்கு அரை டவுசர் போட்ட மாதிரி இருக்கும்மா. இதைச் சரி பண்ணாட்டி அடுத்த கட்டடத்துக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

கொண்டாக்கா சட்டென்று நாத்தனார் பக்கம் திரும்பினாள். "என்னம்மா இப்படிப் பண்ணிட்டே?"

நாத்தனார் துணியைப் புரட்டி, ஓரத்தை விரலால் தடவினாள். தன் கைத்தையல் தனக்குத் தெரியாதா?

"இது நான் தைச்சது இல்ல அண்ணி. சுருங்கினா இறக்கி விட்டுக்கலாம்னுதான் அகலமா மடிச்சேன்." துணியை மேஜையில் போட்டாள். "எத்தனை நாளா என் வேலையைப் பிரிக்கிறீங்க?"

கொண்டாக்காவின் தலை குனிந்தது. நாத்தனார் தன் கத்தரிக்கோலையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

மறுநாள் கடையில் ஒரே ஒரு மெஷின் ஓடியது. வெட்டவும் தைக்கவும் வாசலுக்கு வந்தவர்களுக்குப் பதில் சொல்லவும் கொண்டாக்கா ஒருத்தியே. ஆசைப்பட்டது போலவே எல்லாம் அவள் கைக்குள்தான் இருந்தது. சாயங்காலம்வரை ஒரு திரைச்சீலைகூட முடியவில்லை. நாத்தனார் போய்விட்டால் கடையும் இல்லை, உறவும் இல்லை. கடையைப் பூட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தாள்.

நாத்தனார் கதவைப் பாதிதான் திறந்தாள். "யார் வெட்டினதுன்னு மேனேஜர்கிட்ட நீங்களே சொல்லணும். இனிமே நான் முடிச்ச துணி நேரா கஸ்டமருக்குப் போகணும். முடியுமா அண்ணி?"

"வெட்டினது நான்னு இப்பவே வந்து சொல்றேன். நீயும் கூட வா."

சொன்னாள். மேனேஜர் சிரித்துவிட்டார். வெட்டிய குறையை மறைக்க அடியில் வேறு நிறத்தில் ஒரு பட்டை சேர்க்கலாம் என்று நாத்தனார் யோசனை சொன்னாள். பட்டை வைத்த ஜன்னல்கள் பழையதைவிட எடுப்பாக இருந்தன. புதுக் கட்டடமும் இவர்களுக்கே வந்தது.

பிரிக்கும் வேலை ஒழிந்த சாயங்காலங்களில் கொண்டாக்கா ஆர்டர் தேடிக் கிளம்பினாள். கல்யாண மண்டபம், கம்ப்யூட்டர் வகுப்பு, பல் ஆஸ்பத்திரி என்று வரிசையாகப் பிடித்து வந்தாள். எத்தனை வருஷம் வீணாகப் பிரித்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது கண் கலங்கியது.

பல் ஆஸ்பத்திரிக்குத் திரைச்சீலை மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனாள். முடிச்சை அவிழ்த்து ஒரே ஒரு ஓரத்தைப் பார்க்கலாமா என்று விரல்கள் துடித்தன. கையை இறுக்கக் கட்டிக்கொண்டாள்.

"எல்லாம் சரி பாத்தீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டாள்.

"நான் பாக்கல. தைச்சது என் நாத்தனார்" என்று முடிச்சோடு நீட்டினாள்.