பதினொன்றேகால் விமானம்

அக்காவின் அம்மா இறந்த செய்தி காலை ஆறு மணிக்கு வந்தது. மூன்றாம் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் எங்களை இருங்காட்டுக்கோட்டையில் இறக்கிவிட்டிருந்தது. அறைக் கதவைக்கூடத் திறக்கவில்லை. அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. ஒரே வாடகை அறை, கம்பெனி அசெம்பிளி லைனில் பக்கத்துப் பக்கத்து இடம். அவள் ஊர் தருமபுரியைத் தாண்டி.

அவளுடைய அண்ணன் போனில் சொன்னது இரண்டே விஷயம். அம்மா போய்விட்டாள். அன்று சாயங்காலம் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டு. பிணத்தை ஊருக்குள் வைத்துக்கொண்டு காப்புக் கட்ட மாட்டார்கள், அதனால் நாலு மணிக்குள் எடுத்தாக வேண்டும். அதற்குள் மகள் வந்து முகம் பார்த்து வாய்க்கரிசி போட்டுவிட வேண்டும்.

ஹைவேயில் பஸ் பிடித்தால் ஏழு மணி நேரம். நான்தான் குறுக்கே விழுந்தேன்.

அப்போது அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். சின்ன ஊர்களுக்கும் விமானம், சாதாரண ஜனங்களுக்குக் கட்டுப்படியாகும் டிக்கெட், நஷ்டத்தை அரசே ஈடுகட்டும் என்கிற அந்தத் திட்டம் என் நோட்டில் நாலு பக்கம் இருந்தது. மார்க்குக்காக மட்டும் படிக்கவில்லை, நம்பினேன். கேன்டீன் வரிசையில் தட்டோடு நிற்கும்போதும் அதைத்தான் பேசுவேன். அக்கா ஊருக்கு ஒரு மணி நேரத் தூரத்தில் அப்படி ஒரு சின்ன விமான நிலையம் இருந்தது. பதினொன்றேகாலுக்கு விமானம், ஒரு மணி நேரத்தில் அங்கே, மலிவு சீட்டு இரண்டு மிச்சம். அவள் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கும்போதே போனில் எடுத்துவிட்டேன். அண்ணனுக்கும் நானே சொன்னேன், ஒன்றரைக்குள் வந்துவிடுவோம் என்று.

விமான நிலையம் கிழக்கே, அவள் ஊர் மேற்கே. நாங்கள் கூப்பிட்ட கார்க்காரருக்கு அது பிடிபடவில்லை.

"இன்னாம்மா, தருமபுரி பஸ்ஸு எதிர்ல நின்னுகினு கீது. நீங்க இந்தாண்ட போறீங்களே?"

அக்கா என்னைப் பார்த்தாள். பிளேன்ல போறோம்ணா என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் வண்டியை எடுத்தார். அந்த பஸ்ஸில் ஏறியிருந்தாலும் ஒன்றரைக்குப் போயிருக்கலாம். பஸ்ஸின் ஏழு மணி நேரத்துக்கு எதிரே, வானத்தில் இருக்கும் ஒரு மணி நேரத்தை மட்டும்தான் நான் பார்த்திருந்தேன்.

வழியில் வாங்கிய ரோஜா மாலையை ஸ்கேனரின் பிளாஸ்டிக் தட்டில் வைத்தோம். காவலர் அதைத் தூக்கிப் பார்த்தார், எங்கள் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் கொடுத்துவிட்டார். இரண்டு பேருக்குமே முதல் விமானம். பதினொன்றேகால், பன்னிரண்டு என்று ஆனது. பிறகு பன்னிரண்டே முக்கால். அண்ணன் ஒவ்வொரு தடவை கூப்பிட்டபோதும் நானே போனை வாங்கி, இதோ ஏறப்போகிறோம் என்றேன். ஒரு மணிக்குப் பலகையில் ரத்து என்று வந்தது.

கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். இயக்கக் காரணம் என்றாள், அடுத்தது நாளைக்கு என்றாள். அவளிடம் போய்த் திட்டத்தின் நோக்கம் என்ன தெரியுமா என்று சண்டை போட்டேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அக்கா என் கையைப் பிடித்து இழுத்து, பஸ்ஸுக்குப் போலாம் வா என்றாள்.

பூந்தமல்லியில் பஸ் பிடித்து, இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டும்போது மூன்றாகிவிட்டது. எங்கள் தெருமுனை ஜன்னலில் வந்து போனது. அக்கா மாலையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டின் கம்பியையே பார்த்திருந்தாள்.

வாலாஜா தாண்டி வீடியோ கால் வந்தது. எடுத்துவிட்டார்கள். வாய்க்கரிசியைச் சித்தி மகள் போட்டாளாம். பின்னால் பறைச் சத்தம், அண்ணன் கத்தித்தான் பேசினார்.

"ஒண்ணரைக்கு வரேன்னாளே அந்தப் புள்ள, அவள நம்பி மூணு தடவ பாடைய நிறுத்தி வச்சோம். ஊரே திட்டுது. போன அவகிட்ட குடு."

அக்கா என் பக்கம் திரும்பினாள். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"தூங்கறாண்ணா" என்றாள். "பிளேன்ல போலாம்னு நாந்தான் அவள நச்சரிச்சேன். அவள ஒண்ணும் சொல்லாத."

வீடியோவில் என் முகம் விழுந்துவிடப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.