தண்டனைக்கு வராதீங்க

விடுதிப் பையன்கள் நர்ஸம்மாவுக்கு வைத்திருந்த பெயர் பினாயில். ஆள் வருமுன்னே வாசம் வந்துவிடும் என்பார்கள். அது அவருக்கும் தெரியும். “பினாயில் வந்தாச்சு, போர்வையை உதறி மடிங்கடா” என்று சொல்லிக்கொண்டேதான் காலையில் படுக்கைக்கூடத்துக்குள் நுழைவார்.

பெரிய ஆஸ்பத்திரியில் பாதி ஆயுசைக் கழித்தவர். கணவர் போன பிறகு, ஆண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அந்தப் பள்ளியில் நோயறையைப் பார்த்துக்கொள்ள வந்தார். நோயறைக்குப் பின்னால் இருந்த ஒற்றை ஜன்னல் அறைதான் வீடு. ஜன்னலைத் திறந்தால் சாலை. சாலைக்கு அந்தப் பக்கம் முதியோர் இல்லம்.

அந்த வருடம் தலைமையாசிரியர் புதுத் திட்டம் ஒன்று போட்டார். சுவரேறிக் குதித்தவன், சிகரெட்டோடு சிக்கியவன், வாத்தியாரை எதிர்த்துப் பேசியவன் எல்லோருக்கும் ஒரே தண்டனை: சனிக்கிழமை முதியோர் இல்லத்தில் சமூக சேவை. பையன்களுக்குக் குணம் வளரும், இல்லமும் சுத்தமாகும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். கூட்டிப்போகும் பொறுப்பு நர்ஸம்மாவுக்கு.

முதல் சனிக்கிழமை. சுவரேறிக் குதித்து மாட்டிய ‘ஒட்டடைக்குச்சி’, ஆளும் அப்படித்தான் இருப்பான், ஒரு கட்டிலடியில் வேண்டாவெறுப்பாகப் பெருக்கிக்கொண்டிருந்தான். கட்டிலில் ஒரு பழைய பஸ் டிரைவர், இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் படுத்திருந்தார்.

“நர்ஸம்மா, என் தண்டனை எப்ப முடியும்?” என்று கத்தினான் ஒட்டடைக்குச்சி.

டிரைவர் அவனைப் பார்த்தார். “நான்தான் உன் தண்டனையாடா, தம்பி?” என்றார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நர்ஸம்மாவுக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. துடைப்பங்களை அப்படியே போடச் சொல்லிப் பையன்களைத் திருப்பிக் கூட்டிவந்தார். நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனார்.

“சேவை செஞ்சா குணம் வளரும்மா. அதுல என்ன தப்பு?” என்றார் அவர்.

“வளரும் சார். ஆனா அங்க படுத்திருக்கிறவங்க நீங்க பசங்களை அடிக்கிற பிரம்பு இல்ல.”

“நீங்க மாத்திரை குடுங்க. ஒழுக்கத்தை நான் பாத்துக்கறேன்.”

அடுத்த சனிக்கிழமை நர்ஸம்மா பள்ளிக் கேட்டின் குறுக்கே நின்றார். “தண்டனைக்கு வர்றவன் ஒருத்தனும் வராதீங்க. போய் உங்க கக்கூஸை நீங்களே கழுவுங்க. மனசு இருக்கிறவன் மட்டும் என் பின்னாடி வா.”

ஒருவனும் வரவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் தனியாகச் சாலையைக் கடந்தார்.

அதற்கடுத்த வாரம் ஒட்டடைக்குச்சி வந்தான். டிரைவர் கட்டில் பக்கத்தில் போய் நின்று மென்று விழுங்கினான். “மன்னிச்சிருங்க ஐயா.”

“அதெல்லாம் கிடக்கட்டும். எனக்குக் கை நடுங்குது. சவரம் பண்ணி விடு.”

மீசையே சரியாக முளைக்காதவன் என்ன சவரம் செய்வான்? தாடையில் இரண்டு இடத்தில் கீறிவிட்டான். “இந்த லட்சணத்துல நான் பஸ் ஓட்டியிருந்தா ஒரு பயலும் ஏறியிருக்க மாட்டான்டா” என்றார் டிரைவர். பஞ்சோடு வந்த நர்ஸம்மா சிரித்துவிட்டார்.

அவன் போய்ச் சொன்னதைக் கேட்டோ, சும்மா வேடிக்கை பார்க்கவோ, ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். ஒருவன் பேப்பர் படித்துக் காட்டினான். ஒருவன் சீட்டாட்டத்தில் ஒரு பாட்டியிடம் தோற்றுக்கொண்டே இருந்தான்.

விஷயம் தலைமையாசிரியர் காதுக்குப் போனதும் அவர் முகம் மலர்ந்தது. பள்ளியின் பெயர் எழுதிய பேனர், போட்டோகிராபர், நிர்வாகக் குழுப் பெரியவர்கள் என்று ஒரு படையோடு இல்லத்து வாசலுக்கு வந்துவிட்டார். நர்ஸம்மா நிலைப்படியில் நின்றார்.

“உள்ள ஒருத்தருக்குத் துணி மாத்திட்டிருக்காங்க. கேமரா உள்ள வராது.”

“இது என் உத்தரவு!”

“உங்க உத்தரவு ரோட்டுக்கு அந்தப் பக்கம் சார்.”

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேனரைச் சுருட்டிக்கொண்டு திரும்பினார்கள்.

மறுவாரமே நர்ஸம்மாவுக்கு வேலை போயிற்று. அறையைக் காலி செய்ய உதவிக்கு வந்த அவருடைய தம்பி தலையில் அடித்துக்கொண்டான். “ஊரோட ஒத்து வாழ்ந்தா என்னக்கா? ஒரு மன்னிப்பு கேட்டா முடிஞ்சுது.”

“எதுக்குடா மன்னிப்பு? சரியாச் சொன்னதுக்கா? பெட்டியைத் தூக்கு.”

பெட்டி வெகுதூரம் போகவில்லை. முதியோர் இல்லத்தில் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். சம்பளம் குறைவு, வேலை இரட்டிப்பு. பையன்கள் இனி சாலையைக் கடக்கக் கூடாது என்று பள்ளியில் கட்டளை பிறந்தது.

அந்தச் சனிக்கிழமை அவர் தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரே சத்தம். ஒட்டடைக்குச்சியும் அவன் பின்னால் ஒரு கும்பலும்.

“அனுமதி வாங்கினீங்களா?”

“கேட்டோம், தரல. வீட்டுக்கு அனுப்பிருவேன்னாரு. எல்லாரையும் சேத்தே அனுப்புங்க சார்னு சொல்லிட்டு வந்துட்டோம்.”

நர்ஸம்மா தலையணையைத் தட்டி வைத்தார். “சோப்பு அங்க இருக்கு, கையைக் கழுவிட்டு வாங்க” என்று மட்டும் சொன்னார்.

யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. வகுப்பையே காலி செய்ய எந்தத் தலைமையாசிரியருக்குத் துணிச்சல் வரும்? சனிக்கிழமைத் தண்டனையும் சாலையைக் கடக்கக் கூடாதென்ற கட்டளையும் சத்தமில்லாமல் மறைந்துபோயின. நர்ஸம்மாவைத் திரும்பக் கூப்பிடவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை. சாலையில் எதிர்ப்பட்டால் தலைமையாசிரியர் குனிந்து செருப்பைப் பார்ப்பார். நர்ஸம்மா நிமிர்ந்து நின்று, தெருவே கேட்கும்படி, “வணக்கம் சார்!” என்பார்.