வளை நெல்

அறுப்பு முடிந்த வயலிலிருந்து ஈர வைக்கோல் புகையும் காந்தல் வாசனை வந்தால், யாரோ பானையில் புகை மூட்டி எலி வளைக்குள் ஊதுகிறார்கள் என்று பொருள். எலி ஓடியதும் மண்ணைத் தோண்டினால் அது சேர்த்து வைத்த கதிர்கள் கிடைக்கும். அதற்கு "வளை நெல்" என்று பெயர்.

ஆற்றில் தண்ணீர் சரியாக வராத வருடம் அது. குடவாசல் பக்கத்து எங்கள் ஊரில் பாதி வயல் தரிசு. எந்த ஊர்க்காரர்களோ, ஒரு புருஷன், பெண்டாட்டி, என்னைப் போலவே பத்து வயதில் ஒரு பெண் என மூவரும் மதகடியில் சாக்கு விரித்துத் தங்கி வளை தோண்டினார்கள். கோழி புதருக்குள் அடைகாக்கப் போனால்கூட, "மதகடியில பாருங்க" என்றது ஊர். நானும் என் கொலுசைக் கழற்றி ஒளித்து வைத்தேன்.

களத்தில் குவித்த நெல்லின்மேல் அப்பா தினமும் சாணிப்பாலால் "குறி" போடுவார். ஒரு பிடி அள்ளினாலும் கோடு கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒருநாள் காலை, கோடு கலையவில்லை. ஆனாலும் குவியல் குறைந்ததாக அப்பாவுக்குத் தோன்றிவிட்டது. நேரே மதகடிக்குப் போய் அவர்கள் மூட்டையை அவிழ்த்தார். நானும் கூடவே போனேன்.

"இது நம்ம வயல் பொன்னியில்ல? உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

"உங்க வயல் எலி வேற எந்த நெல்லுங்க வைக்கும்?" என்றாள் அந்தப் பெண்ணின் அம்மா. "புள்ளைக்கு இதாங்க சோறு."

"குறி கலையலீங்களே ஐயா" என்றான் புருஷன்.

"கலச்சுட்டுத் திரும்பப் போடத் தெரியாதாக்கும் உனக்கு?"

சந்தேகம் புகுந்துவிட்டால் சாட்சியும் கூட்டுக்களவாணிதான். மூட்டை எங்கள் வீட்டுக்கு வந்தது. வெயில் ஏறுமுன் மூவரும் சாலையில் நடந்துகொண்டிருந்தார்கள்.

அம்மா மூட்டையை முறத்தில் கொட்டினாள். அடியில் உதிர்க்காத கதிர்கள் கிடந்தன. காம்பெல்லாம் எலி கடித்த தடம். களத்தில் அடித்த நெல்லில் கதிர் ஏது? அம்மாவுக்கும் புரிந்துவிட்டது. "அப்பா காதுல போட்டுடாதடி" என்றாள். நான் ஓடியிருந்தால் அவர்களைச் சாலையிலேயே பிடித்திருக்கலாம். ஓடவில்லை. அந்த நெல்லுச் சோற்றை நானும் சாப்பிட்டேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

இப்போது அறுப்பு இயந்திரம் வந்துவிட்டது. வளை தோண்ட யாரும் வருவதில்லை, குறி போடவும் களத்தில் நெல் தங்குவதில்லை. நடவுக்கு வடநாட்டு ஆட்கள் வருகிறார்கள். போன மாதம் மோட்டார் கொட்டகையில் ஒயர் காணவில்லை என்று, அவர்கள் பைகளை வரப்பில் கொட்டச் சொன்னவள் நான்தான். ஒருத்தியின் பையில் சோற்று டப்பா மட்டுமே இருந்தது. திறந்து, அதையும் கிளறிப் பார்த்தேன்.