பன்னிரண்டு இடது காதுகள்

ஏகாம்பரத்துக்கு ஒரு பழக்கம். யாரிடம் பேசுவதானாலும் அந்த ஆளுக்கு வலது பக்கமாகப் போய் நின்றுகொண்டுதான் வாயைத் திறப்பார். மகள் தேன்மொழியால் வந்த பழக்கம் அது. இரண்டு வயதில் வந்த சீழ் அவளுடைய இடது செவிப்பறையில் ஓட்டை போட்டுவிட்டது. ஒன்பது வயதில் திருப்பதிப் பெரிய ஆஸ்பத்திரியில் காதுக்குப் பின்னால் கீறி, அங்கிருந்தே சவ்வெடுத்து ஒட்டினார்கள். மூன்றாம் மாதம் சளி பிடித்தது, ஒட்டு போயிற்று. காலையில் அவளுடைய தலையணையை வெயிலில் போடும்போது வரும் வாடை ஏகாம்பரத்தின் மூக்கில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

பாலசமுத்திரத்தில் ஒரு சாண் நிலம்கூட இல்லாத குடும்பத்தில் பிறந்தவர். மாங்காய்க் காலத்தில் பங்காருபாளையம் மண்டியில் கூடை தூக்கினார். மற்ற மாதங்களில் கிடைத்ததைச் செய்தார். திருப்பதியில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் மிருகங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று 1998இல் யாரோ சொல்லப்போய் வந்து சேர்ந்தார். தினக்கூலிதான். எலி, முயல், அப்புறம் கினிப்பன்றி. பேரில்தான் பன்றி, பார்த்தால் காதைக் கிள்ளிவிட்ட குட்டி முயல் மாதிரி இருக்கும். அவற்றுக்குக் கோஸ் தழை என்றால் உயிர். தினமும் மார்க்கெட்டில் கழித்துப் போட்ட தழையைப் பை நிறையப் பொறுக்கி வருவார். பை சரசரத்ததும் அறை முழுக்க விசில் கிளம்பும்.

2004இல் ஸ்வர்ணலதா அங்கே வந்தாள். நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துத் தமிழ்ப் பெண். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு ஹைதராபாத் போய், அங்கிருந்து அமெரிக்காவுக்கும் போய்விட்டிருந்தார்கள். புருஷனே அங்கேதான் இருந்தான். ஆராய்ச்சியை முடித்துவிட்டு வருகிறேன் என்று இவள் மட்டும் பின்தங்கியிருந்தாள். அவளுடைய ஆராய்ச்சி, செவிப்பறை ஓட்டையைக் கத்தி வைக்காமல் மூடுவது.

"வெங்காயத்துக்கு உள்ள ஒரு சவ்வு இருக்குது பாருங்க ஏகாம்பரம்ணா, அந்த மாதிரிதான் செவிப்பறை. அது வளர்றதுக்கு ஒரு ஜீன் இருக்குது. அத்த இந்தக் கூழுல கலந்து காதுல விடறோம். சில்லுனு இருக்கும்போது தண்ணி. உள்ள போயி சூடு பட்டா களி மாதிரி நின்னுக்கும். ஜீன் செல்லுக்குள்ள போயி, 'வளரு'ன்னு உத்தரவு குடுக்கும்."

"ஜி.ஓ. மாதிரியாம்மா?"

"அப்படித்தான் வெச்சிக்கோங்களேன்."

"அப்ப கஷ்டம்தாம்மா. எங்க ஊர்ல பட்டா குடுக்கணும்னு ஜி.ஓ. வந்து இருவது வருசமாச்சு. பேப்பர் வந்துச்சு, நெலம் இன்னும் வந்துக்கினே இருக்குது."

ஸ்வர்ணலதா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவர் அவளுடைய வலது பக்கமாக வந்து, தலையணை வாடையிலிருந்து ஒட்டுப் போனது வரை எல்லாவற்றையும் சொன்னார். அவள் சிரிப்பை விட்டுவிட்டுக் கேட்டாள். "கண்டிப்பா வரும்ணா. ஆளுங்களுக்கு வர பத்து வருசம் ஆவும். ஆனா வரும். ஒரே ஒரு சொட்டு, அதே நாள் வீட்டுக்குப் போயிடலாம்."

அன்று முதல் அந்தப் பன்னிரண்டு கினிப்பன்றிகளும் ஏகாம்பரத்துக்குச் சொந்தப் பிள்ளைகள் ஆயின. மயக்கம் கொடுத்து, சூட்டுக்கம்பியால் இரண்டு காதிலும் ஓட்டை போட்டபோது கையில் பிடித்திருந்தவர் அவர்தான். ஓட்டை தானாக மூடவில்லை என்று உறுதி செய்துகொள்ள இரண்டு மாதம் காத்திருந்தார்கள். அந்த இரண்டு மாதமும் பை சரசரத்தாலும் விசில் வரவில்லை. தழை மூக்குக்கு எதிரே வந்தால்தான் தலை தூக்கின.

பிறகு மருந்து. வலது காதில் ஜீன் கலந்த கூழ், இடது காதில் வெறுங்கூழ்.

"இதுல ஏம்மா மருந்து இல்ல?"

"அது அப்படித்தான் இருக்கணும்ணா. ஏன்னா..." என்று தொடங்கும்போது போன் அடித்தது. அமெரிக்காவிலிருந்து புருஷன். பேசிக்கொண்டே வெளியே போனாள். அந்தப் பேச்சு அதோடு நின்றுவிட்டது. பிறகு அவரும் கேட்கவில்லை. தெரியும் என்று நினைத்து அவளும் சொல்லவில்லை.

பத்தாம் நாள் மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தவள் குழந்தை மாதிரி கத்தினாள். "அண்ணா, வாங்க, வந்து பாருங்க!" அவரும் பார்த்தார். வலது காதில் ஓட்டையின் ஓரத்திலிருந்து மெல்லிய சவ்வு கிளம்பி வந்திருந்தது. இடது காதில் ஒன்றுமில்லை. அன்று சாயந்திரம் தேன்மொழிக்கு லட்டு வாங்கிப் போனார்.

இரண்டாவது முறை மருந்து விட்ட அன்றைக்கு நகரியிலிருந்து செய்தி வந்தது, அவளுடைய அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று. கிளம்பும் அவசரத்தில், "பாட்டில்ல மீதி இருக்குறத்த கொதிக்க வெச்சி கொட்டிடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள். நாலு நாள் வரவில்லை.

ஏகாம்பரம் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அடியில் ஒரு விரற்கடை இருந்தது. மகள் நினைப்பு வராமல் இல்லை. ஆனால் ஆளுக்கு இன்னும் கொடுத்துப் பார்க்காத மருந்து என்று ஸ்வர்ணலதா சொன்னது ஞாபகம் வந்து, பாட்டிலைக் கீழே வைத்தார். அதற்காகக் கொட்டவும் மனம் வரவில்லை. ஒரே உடம்பு, ஒரு காதுக்கு மருந்து, இன்னொரு காதுக்கு வெறுங்கூழ். ஊரில் எந்தப் பங்கீட்டிலும் தன் குடும்பத்துக்கு வெறுங்கூழே வந்ததைப் பார்த்து வளர்ந்தவர் அவர். கதவைச் சாத்தினார். ஒவ்வொன்றாக மடியில் போட்டு, ஸ்வர்ணலதா செய்வது போலவே, இடது காதில் ஒரு சொட்டு விட்டார். பத்துக்கு வந்தது. ஏழாம் நம்பருக்கும் பதினோராம் நம்பருக்கும் எட்டவில்லை.

"அடுத்த வாட்டி உங்களுக்குத்தான் மொதல்ல," என்று அந்த இரண்டுக்கும் சமாதானம் சொன்னார். அடுத்த வாட்டி மீதி எதுவும் இருக்கவில்லை.

எட்டாம் வாரம் அவள் இடது காதுகளைப் பார்த்தாள். முதல் நான்கைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். மறுபடி பார்த்தாள். பன்னிரண்டில் பத்து மூடியிருந்தன. ஏழும் பதினொன்றும் மட்டும் திறந்திருந்தன. புரொபசர் வந்து குனிந்து பார்த்து, "தானந்தட்ட அதே மூசுகுந்தி, அம்மா," என்றார். தானாகவே மூடிக்கொண்டிருக்கிறது, இதில் மருந்தின் வேலை ஒன்றுமில்லை என்று அர்த்தம். அவர் போன பிறகு அவள் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள்.

ஏகாம்பரத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. காது மூடியதற்குப் போய் யாராவது அழுவார்களா?

"ஏகாம்பரம்ணா, நான் இல்லாத நாலு நாள்ல உள்ள யாராச்சும் வந்தாங்களா?"

அழுகைக்குக் காரணம் புரியவில்லை என்றாலும் கொட்டச் சொன்ன மருந்தைத் தொட்டது தப்பு என்பது புரிந்தது. தினக்கூலி ஆட்களில் யாரை நிரந்தரம் பண்ணலாம் என்ற லிஸ்ட் அந்த வாரம்தான் புரொபசர் மேஜையில் இருந்தது.

"யாரும் வரலம்மா. நான் மட்டுந்தான் இருந்தேன்."

அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. நீங்கள் மட்டும் இருந்தால் போதும் என்பது போல அவள் தலையாட்டினாள். அவர் வாழ்நாள் முழுக்க மறக்காதது அந்தத் தலையாட்டல்தான்.

மறுநாள் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவரச் சொன்னார்கள். செவிப்பறையை எடுத்து வெட்டிப் பார்ப்பதற்காக, எல்லாவற்றுக்கும் ஊசி. இது இப்படித்தான் முடியும் என்று அவரிடம் முன்னால் யாரும் சொல்லியிருக்கவில்லை. அன்று காலைதான் பை சரசரத்ததும் விசில் திரும்ப வந்திருந்தது.

ஆராய்ச்சி அதோடு நின்றது. 2006இல் ஸ்வர்ணலதா புருஷனிடம் போனாள். போகும்முன் அவருக்காக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். 'முழு நம்பிக்கைக்கு உரியவர்' என்று அதில் இருந்தது. அந்தக் கடிதத்தால்தான் வேலை நிரந்தரமானது.

அவருக்கு உண்மை விளங்க மேலும் மூன்று வருடம் ஆனது. வேறொரு மருந்துக்காக எலிகளோடு வந்த ஒரு டாக்டர், பாதி எலிக்கு ஏன் வெறுந்தண்ணீர் கொடுக்கிறோம் என்று மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் கொடுத்தது தேறவில்லை, மருந்து கொடுத்தது தேறியது என்று காட்டினால்தான் மருந்துக்குப் பேர். இரண்டும் தேறினால் மருந்தை யாரும் நம்பமாட்டார்கள். ஏகாம்பரம் தழைப் பையோடு வாசலில் நின்று கேட்டார். கேட்டு முடித்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மருந்து வேலை செய்தது. இரண்டு காதிலும் வேலை செய்தது. அது தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

ஒருமுறை நம்பர் பிடித்து அமெரிக்காவுக்குப் போன் போட்டார். "தேன்மொழி எப்படி இருக்காண்ணா?" என்று அவள் எடுத்ததும் கேட்டாள். "நல்லா இருக்காம்மா," என்று சொல்லி வைத்துவிட்டார். நல்லா இல்லை. இரண்டாவது ஆபரேஷனும் நிற்கவில்லை. நர்ஸ் பயிற்சிக்குச் சேரப் போனவளை, சீழ் வடியும் காது என்று மெடிக்கலில் கழித்துவிட்டார்கள். சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனியில் பெட்டிக்கு லேபிள் ஒட்டப் போய்க்கொண்டிருந்தாள்.

2017இல் நகரி நிலத்தை விற்க வந்த ஸ்வர்ணலதா, ரேணிகுண்டா விமானத்துக்குப் போகும் வழியில் அவர் வீட்டு வாசலில் காரை நிறுத்தினாள். தலை நரைத்திருந்தது. ஆராய்ச்சியை விட்டு வெகுகாலமாகிறது, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கிறேன் என்று தானாகவே சொன்னாள். தேன்மொழி காபி போட உள்ளே போனாள்.

ஏகாம்பரம் நாற்காலியை இழுத்து அவளுடைய வலது பக்கம் போட்டுக்கொண்டார். "அம்மா, அந்த மீதி மருந்த நான் கொட்டல. எடது காதுல விட்டுட்டேன். ரெண்டுக்குத்தான் எட்டல."

ஸ்வர்ணலதா கைப்பையை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். எவை என்று அவர் சொல்வதற்கு முன்பே, "ஏழு, பதினொண்ணு," என்றாள்.

"ஆமாம்மா."

"அந்த ரெண்டுலயும் என் கைதான் ஓட்டைய தப்பா, பெருசா போட்டுட்டுதுன்னு எழுதினேன்ணா. கைப்பக்குவம் பத்தாத பொண்ணுன்னு எனக்கு நானே பேர் வெச்சிக்கினு போனேன்." குரல் உயரவே இல்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"இப்பவாச்சும் எங்கயாச்சும் சொன்னா...?"

"பாட்டில் இல்ல, கினிப்பன்னிங்க இல்ல, என் நோட்டுகூட இல்ல. எத்தக் காட்டிச் சொல்றது? வேற ஊர்ல வேற ஆளுங்க வேற மருந்தோட போய்க்கினு இருக்காங்கண்ணா. என்னிக்காச்சும் வரும்." கைப்பையை எடுத்தாள், மறுபடி வைத்தாள். "அன்னிக்கு அந்தப் போன் வராம, ஏன்னு நான் சொல்லி முடிச்சிருந்தா, விட்டிருக்க மாட்டீங்க இல்ல?"

மாட்டேன் என்று சொன்னால் இரண்டு பேருக்குமே பாரம் குறையும். அவர் யோசித்துப் பார்த்தார்.

"தெரியலம்மா," என்றார்.

டிரைவர் ஹாரன் அடித்தான். அவள் எழுந்து, அவர் கையை ஒருமுறை பிடித்து, விட்டுவிட்டுப் போனாள்.

தேன்மொழி இரண்டு டம்ளரோடு வெளியே வந்தாள். "இன்னா நைனா, காபிகூட குடிக்காம போய்ட்டாங்க? ஏதாச்சும் சொன்னியா?"

ஏகாம்பரம் எழுந்து அவளுடைய வலது பக்கம் வந்து நின்றார். ஆரம்பத்திலிருந்து சொன்னார். கூழ், சவ்வு, பாட்டில், பத்து, இரண்டு. விருந்தாளிக்கு வைத்த காபியை அவளே குடித்துக்கொண்டு கேட்டாள்.

"மருந்து எட்டாத அந்த ரெண்டு கினிப்பன்னியும் அப்பறம் இன்னா ஆச்சு?"

"எல்லாத்துக்கும் ஒரே நாள்ல ஊசி போட்டுட்டாங்க."

"காது மூடினதுக்குமா?"

"மூடினதுக்குந்தான்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "பத்து சொட்டு விட்டியே நைனா. எனக்குன்னு ஒரு சொட்டு எடுத்து வைக்கத் தோணலியா?"

"தோணிச்சு. பயமா இருந்துச்சு," என்றார் ஏகாம்பரம்.

வலது பக்கம் நின்று சொன்னதால், அது அவளுக்கு நன்றாகவே கேட்டது.