நாற்பது பிள்ளைக்கும் நோயில்லை

போன ஆகஸ்ட் லீவில் எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் முகாம் வைத்தார்கள். காலையில் வந்து விளையாடி, பாடி, சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போகலாம். கடைசி நாள் தெமோதரையில் ரயில் ஏறி எல்ல ஸ்டேஷன் வரைக்கும் ஒரு சவாரி. என்னைச் சமையலுக்கு வரச் சொன்னார்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். முப்பது வருஷம் பிள்ளைக்காம்பராவில் ஆயம்மாவாக இருந்தேன். தாய்மார் மலையில் கொழுந்து எடுக்கும்போது கைக்குழந்தைகளைத் தொட்டிலில் போட்டுப் பார்த்துக்கொள்கிற இடம் அது. குழந்தைகளோடு நாள் பூராவும் பேசுவேன். படித்தவர்கள் முன்னால் நின்றால் மட்டும் வார்த்தை தொண்டையை விட்டு வராது.

முதல் நாள் தாய்மாரிடம் ஒரு படிவம் வாங்கினார்கள். பிள்ளைக்கு என்ன நோய், என்ன மருந்து, எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று கேட்டிருந்தது. பதுளையிலிருந்து வந்த நர்ஸ் மிஸ் ஒவ்வொன்றாகப் புரட்டினார். யாழ்ப்பாணத்துக்காரர். இளம் வயது, வாய்த் துடுக்கு.

“ஒரு பிள்ளைக்கும் ஒரு வருத்தமும் இல்லையாம்! நாற்பது படிவத்திலையும் இல்லை, இல்லை, இல்லை. அப்ப நான் வீட்டை போறன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டு குனிந்தே இருந்தேன். அந்த நாற்பதில் பாதிக்கு மேல் என் தொட்டிலில் கிடந்ததுகள். யாருக்குக் காய்ச்சல் வந்தால் வலிப்பு வரும், யாருக்குக் காது ஓடும் என்று எனக்குத் தெரியும். மாசிக் கருவாடு சேர்ந்தால் உடம்பு தடித்துப் போகிற ஒருவனுக்கு, யாருக்கும் சொல்லாமல் தனியாகச் சம்பல் இடித்து வைத்தேன். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

தாய்மார் ஏன் பொய் எழுதினார்கள் என்பதும் தெரியும். முந்தின வருஷம் யாரோ வந்து பிள்ளைகளைக் கதிர்காமத்துக்குக் கூட்டிப்போனார்கள். மூச்சிழுப்பு இருக்கிற ஒரு பெண்பிள்ளையை, வழியில் ஏதும் ஆகிவிடும் என்று பயந்து, ஏறிய பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். புதுச் சட்டையோடு அது ரோட்டில் நின்றதைத் தோட்டமே பார்த்தது. இந்த முகாமுக்கு அந்தப் பிள்ளையும் வந்திருந்தது. ஒன்பது வயது. இன்னும் ரயில் ஏறியதில்லை.

அதன் அம்மா முதல் நாளே பைப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆயம்மா, ஒங்க வாயால மட்டும் சொல்லிறாதீங்க. தெரிஞ்சா மறுபடி எறக்கி விட்டுருவாங்க. புள்ள தாங்காது.”

“இழுப்புக்கு அடிக்கிற பம்பு எங்க?”

“இடுப்புல கட்டுற படங்குல முடிஞ்சி மலைக்கு எடுத்துட்டுப் போறேன். புள்ள கையில இருந்தா கண்டுபிடிச்சுருவாங்கல்ல. மேல் மலையிலதான் இருப்பேன். ஒரு சத்தம் குடுங்க.”

நானும் தலையை ஆட்டிவிட்டேன். அது புத்தி கெட்ட வேலை. இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

நாலாம் நாள் காலையில் பனிமூட்டம். ஹோலுக்குள்ளேயே சாக்கு ஓட்டம் வைத்தார்கள். பழைய கோணிச் சாக்குகள், குதிக்கக் குதிக்கத் தூசி. அந்தப் பிள்ளைதான் முதலாவதாக வந்தது. கைதட்டி முடிவதற்குள் சாக்கோடு தரையில் உட்கார்ந்துவிட்டது. அடுப்படியில் இருந்த எனக்கு அந்த மூச்சு கேட்டது. கைக்குழந்தையாகத் தொட்டிலில் கிடந்தபோது கேட்ட அதே சத்தம்.

நர்ஸ் மிஸ் ஓடிவந்து பிள்ளையை நிமிர்த்தி, மேசைமேல் கையை ஊன்றிச் சாய்ந்து உட்கார வைத்தார். பக்கத்திலிருந்த டீச்சரை ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணச் சொன்னார். எங்கள் ரோட்டில் அது வந்து சேர அரை மணி நேரம் பிடிக்கும். பெட்டியில் பஞ்சு இருந்தது, காய்ச்சல் மருந்து இருந்தது. இழுப்பே இல்லாத தோட்டம் என்று எழுதிக் கொடுத்துவிட்டோமே, பம்ப் எப்படி இருக்கும்?

“ஆரிட்டையாவது பம்ப் இருக்கோ?”

“அவ அம்மாகிட்ட” என்று சொன்னேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. பிள்ளையின் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது.

வெளியே ஓடிப் பள்ளிக்கூடத்து மேட்டில் ஏறினேன். பிள்ளைக்காம்பராவில் இருந்தபோது, பால் கொடுக்க வரச் சொல்லித் தினமும் மலையைப் பார்த்துக் கத்துவேன். அதில் மட்டும் எனக்குக் கூச்சம் இருந்ததில்லை. மலை திரும்பிக் கேள்வி கேட்காது.

“ஓஓஓய்! பாப்பாவுக்கு இழுப்பூ! பம்ப அனுப்புங்கோவ்!”

மூடி வைத்திருந்த விஷயம் தோட்டத்தின் மூன்று டிவிஷனுக்கும் கேட்டிருக்கும். கீழ்த் தேயிலை நிரையில் நின்ற பெண்கள் மேல் நிரைக்குக் கத்தினார்கள், அவர்கள் இன்னும் மேலே. பனிக்குள் சத்தம் ஏறிப் போனது. கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து கை மாறி ஏதோ இறங்கி வந்தது. ஒருத்தி எறிய இன்னொருத்தி படங்கை விரித்துப் பிடித்தாள். நடுவில் கங்காணி நின்றுகொண்டு, “வேலை நேரத்துல என்னடி வெளையாட்டு?” என்று அதட்டினார்.

“வாய மூடிட்டு கைய நீட்டுங்க கங்காணி!” என்று மேல் நிரையிலிருந்து ஒருத்தி கத்தினாள்.

அவரும் நீட்டினார். பிடித்தார். அவரே கீழே எறிந்தார். கடைசி நிரையில் நின்ற பெண் என் கையில் கொண்டுவந்து கொடுத்தாள்.

உள்ளே நர்ஸ் மிஸ், மருந்து சிதறாமல் நெஞ்சுக்குள் போக, ஒரு தண்ணீர்ப் போத்தலின் அடியில் ஓட்டை போட்டுத் தயாராக வைத்திருந்தார். பம்பை அதில் பொருத்தி, போத்தல் வாயைப் பிள்ளையின் வாயில் வைத்து அழுத்தினார். “இழு ராசாத்தி. இன்னும் ஒருக்கா. ஓம், அப்பிடித்தான்.” மெதுவாக உதட்டில் நிறம் வந்தது. பேச்சு வந்ததும் அது கேட்டது ஒன்றுதான்: “மிஸ், நாந்தானே முதலாவது?”

அம்மா சறுக்கி விழுந்து எழுந்து, முழங்கால் பூராவும் மண்ணோடு வந்து சேர்ந்தாள். “ஊருக்கே சொல்லிப்புட்டீங்களே ஆயம்மா!” என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். திட்டினாளா கும்பிட்டாளா என்று தெரியவில்லை.

நர்ஸ் மிஸ் என்னைப் பார்த்தார். “நீங்களும் தெரிஞ்சுகொண்டுதானே இருந்தனீங்கள்?”

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் பம்பைத் துடைத்துத் தன் மேசையில் வைத்தார்.

“மிஸ், புள்ளைய நிறுத்திறாதீங்க” என்றாள் அம்மா.

“ஆர் நிப்பாட்டினது? பம்ப் என்ர மேசையிலை இருந்தால் பிள்ளையும் இங்க இருப்பாள். பம்ப் மலைக்குப் போனால்தான் பிள்ளை ஆம்புலன்ஸிலை போவாள்.”

ஆம்புலன்ஸும் வந்தது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து அன்று மாலையே அனுப்பிவிட்டார்கள். போகும் வழியெல்லாம் சைரன் போடச் சொல்லிப் பிள்ளை கெஞ்சியதாம்.

மறுநாள் பெரட்டில் வேலைக்குப் பெயர் கொடுப்பதற்கு முன்னாலேயே தாய்மார் பள்ளிக்கூட வாசலில் வரிசை கட்டிவிட்டார்கள். கையில் மருந்துக் குப்பி, குளிசை உறை, கிளினிக் அட்டை. நர்ஸ் மிஸ் எனக்கும் ஒரு நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

“எம் மகனுக்கு ஒண்ணுமில்ல மிஸ்” என்றாள் ஒருத்தி.

“காது?” என்று மெல்லக் கேட்டேன்.

“அட ஆமா ஆயம்மா, காது ஓடும். எழுதிக்குங்க மிஸ்.”

“என் மகன் சரியான சோம்பேறி. அதுக்கு மருந்து இருக்கா மிஸ்?” என்றாள் அடுத்தவள்.

“அதைத்தான் நானும் எனக்காகத் தேடிக்கொண்டிருக்கிறன்.”

ஒரு பெரியவர் முழங்காலைத் தூக்கிக் காட்டினார். “ஐயா, முகாம் பன்னிரண்டு வயசு வரைக்கும்தான்” என்றார் மிஸ். “அப்ப பன்னிரண்டுன்னே எழுதிக்கம்மா” என்றார் அவர். வரிசை முழுக்கச் சிரித்தது.

கடைசி நாள் தெமோதரைக்குக் குறுக்கு வழியில் நடந்தோம். பாதி ஏற்றத்தில் அந்தப் பிள்ளை தானாகவே நின்று கையைத் தூக்கியது. நர்ஸ் மிஸ் பையைத் திறந்தார். பிள்ளை கல்லில் உட்கார்ந்து பம்பை இழுத்தது. மற்ற முப்பத்தொன்பது பிள்ளைகளும் நின்றன. ஒருவன், “எனக்கும் ஒரு தடவ அடிங்க மிஸ்” என்று கேட்டுக் குட்டு வாங்கினான்.

ஸ்டேஷன் பக்கம் ரயில் சத்தம் மாதிரி ஏதோ கேட்டது. பிள்ளை பதறி எழுந்தது. “மிஸ், போயிரும் மிஸ்! வாங்க!”

“போனால் போகட்டும். மூச்சு வரட்டும், இரு.”

யாரும் நகரவில்லை. அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தோம். சரி என்று மிஸ் சொன்ன பிறகுதான் மீதி ஏற்றத்தை ஏறினோம். கேட்டது லொறிச் சத்தம். ரயில் அன்றைக்கும் பிந்தித்தான் வந்தது. பிள்ளைதான் முதலில் ஏறி ஜன்னல் ஓரத்தைப் பிடித்தது. எனக்கு இடம் கிடைக்கவில்லை. எல்ல வரைக்கும் அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டு போனேன்.